சிவகாசிச் சார்ட்டில் ஐம்பத்தோராவது மாநிலம்

அமெரிக்க மாநிலங்களைத் தாராளப் போக்கிலிருந்து பழமைப் போக்கு வரை வரிசைப்படுத்திய ஒரு பட்டியலுக்காக நான் விருதுநகர் மாவட்டத்துக்குப் போனேன் என்றால் நம்ப மாட்டீர்கள். என் தங்கையே நம்பவில்லை. ஆனால் நடந்தது அதுதான், போன ஆடி மாதம், ஒரு வெள்ளியும் சனியும்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர் குழு ஒன்று, புதிதாக அங்கே குடியேறும் நம் ஆட்களுக்காகத் தமிழில் ஒரு சுவர்ச் சார்ட் அடிக்க நினைத்தது. ஐம்பது மாநிலங்கள், மேலே தாராளம், கீழே பழமை, நடுவில் இரண்டுங்கெட்டான்கள். அச்சடிப்பது சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில். பிழை பார்க்க என்னைப் பிடித்தார்கள். பாடநூல் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவள் நான். கல்யாணப் பத்திரிகையைக் கூடப் பேனாவோடு படிக்கிற ஜன்மம்.

ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகள் நித்யாவுக்கு அப்போது இரண்டாம் மாதம். போன தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்து, ரத்தம் நிற்காமல், மூன்று நாள் எங்கள் எல்லோரையும் செத்துப் பிழைக்க வைத்தாள். இப்போது மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம். மசாசூசெட்ஸ் போகலாம், இல்லையென்றால் டெக்சாஸ். டெக்சாஸில் சம்பளம் கூடுதல், மாப்பிள்ளையின் அக்கா நான்கு தெரு தள்ளி இருக்கிறாள், கோயில் இருக்கிறது, குளிர் இல்லை. “நம்ம ஆளுங்க இருக்கற இடத்துக்குப் போடி” என்று தினமும் போனில் அரித்துக்கொண்டிருந்தேன். அவளோ, “அங்க கருவைக் கலைக்கத் தடைச் சட்டம் இருக்கு. போன தடவை மாதிரி ஆச்சுன்னா டாக்டர் சட்டத்தைப் பார்த்துட்டுத்தான் என்னைப் பார்ப்பாரோன்னு பயமா இருக்கும்மா” என்பாள். ஆஸ்பத்திரி எங்கேயும் ஆஸ்பத்திரிதான் என்று வாயை அடைத்துவிடுவேன். பட்டியலை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால் அவளைச் சம்மதிக்க வைக்க ஏதாவது சிக்கும் என்று நினைத்தேன்.

திருச்சியில் காலை 5.30க்குப் பஸ் ஏறி 8.40க்கு மதுரை. அங்கிருந்து விருதுநகர் ஒரு மணி நேரம், நாற்பது ரூபாய். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவுக்காக நாக்கைத் தீட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க: காலையில் கிடைக்காது, சாயங்காலம்தான் கல்லைப் பற்ற வைக்கிறார்கள். நான் இரண்டு இட்லியோடு ஆசையை முடித்துக்கொண்டேன். சிவகாசி பஸ்ஸில் திருத்தங்கல் முக்கால் மணி நேரம். நிறுத்தத்தில் இறங்கியதுமே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை. எனக்கு அது தாய்வீட்டு வாசனை.

அச்சக முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயதிருக்கும், ஓயாமல் போன். “தீவாளி லேபிளு ஒருபக்கம், காலண்டர் ஆர்டர் ஒருபக்கம் மேடம். உங்க அமெரிக்காவுக்கு நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மிஷின் ஒதுக்கிருக்கேன். அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திருங்க” என்றார்.

கலர் சரிபார்க்க முதலில் வேஸ்ட் தாளில்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே பட்டாசு லேபிள் அடித்து ஒதுக்கிய தாள் அது. அதன்மேல் அமெரிக்க வரைபடம் விழுந்திருந்தது. வயோமிங்கிலிருந்து ஒரு கிளியின் கண் என்னைப் பார்த்தது. புளோரிடாவுக்குள் ஒரு குழந்தையின் சிரித்த வாய் மட்டும் இருந்தது. இந்தத் தாள்கள் அப்புறம் எங்கே போகும் என்று கேட்டேன். “வெடிக்குக் குழாய் சுருட்டப் போயிரும்” என்றார் அண்ணாச்சி.

பதினொன்றரைக்கு மெய்ப்பில் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு முறையில் இந்த வரிசையைப் போடுகிறார்கள்: ஓட்டை வைத்து, சட்டங்களை வைத்து, மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வைத்து. முறை மாறினால் நடுவில் இருப்பவை இடம் மாறும், இரண்டு முனைகளும் பெரும்பாலும் அசையாது. மேலே வெர்மான்ட், மசாசூசெட்ஸ். கீழே மிசிசிப்பி, வயோமிங். அங்கே தாராளத்துக்கு நீலம், பழமைக்குச் சிவப்பு. நம்மூர்க் கொடிகளை மனதில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றும்.

எழுத்துப் பிழை மூன்றே மூன்றுதான். பாராட்ட வேண்டும் என்று நினைத்தபடி கடைசிக் கட்டத்துக்கு வந்தேன். வயோமிங், எண் 51.

இருப்பது ஐம்பது மாநிலம். தலைநகர் வாஷிங்டனைச் சேர்த்துவிட்டார்களா என்று பார்த்தேன், இல்லை. எதுவும் இரண்டு தடவை வரவில்லை. பெயர்களை மட்டும் எண்ணினால் ஐம்பது, எண்ணைப் பார்த்தால் ஐம்பத்தொன்று. மூன்றாம் முறை விரல் வைத்துப் போனபோதுதான் பிடிபட்டது. 27க்கு அடுத்த கட்டத்தில் 29 என்று இருந்தது. 28 கிடையாது.

டைப் செய்தது செல்வராணி என்ற பெண். வெள்ளிக்கிழமை அரைநாள் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள், வெம்பக்கோட்டைப் பக்கம். “காலைல வந்து மாத்திருவா” என்றார் அண்ணாச்சி. எனக்கு மதியம் முழுக்கச் சும்மா இருந்தது. வெம்பக்கோட்டை அணையையும் பார்த்தது போலாகும் என்று, மெய்ப்பைச் சுருட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். போக வர, காத்திருப்பு சேர்த்து 900 ரூபாய். டிரைவர் பெயர் கருப்பசாமி.

சிவகாசி தாண்டிப் பத்து கிலோமீட்டரில் வண்டியை வேலி ஓரமாக நிறுத்தினார், என்ஜின் சூடாகிவிட்டதாம். பட்டாசு ஆலையை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். கற்பனையில் பெரிய கட்டடம் இருந்தது. இங்கே கருவேலங்காட்டு நடுவே, வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல இடைவெளி விட்டு நின்றன. எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. நூறு பேராவது உள்ளே வேலை செய்வார்களாம். ஒரு சத்தம் இல்லை. ஆடிக் காற்று மட்டும் அடித்தது. கருப்பசாமி கூடக் குரலைத் தாழ்த்திவிட்டார். “போனை அணைச்சிருங்கம்மா, இங்கன அதெல்லாம் ஆகாது.”

சுவரில் கறுப்புப் பெயின்ட்டில் எண்கள். எழுத்தோ எண்ணோ கண்ணில் பட்டால் படிக்காமல் என்னால் இருக்க முடியாது. 24, 25, 26, 27. அடுத்து ஒரு வெறும் சிமென்ட் தரை. அதற்கடுத்த அறையில் 29.

சுற்றிலும் சருகும் நெருஞ்சியுமாகக் கிடக்க, அந்தச் சிமென்ட் தரை மட்டும் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அங்கே அறை எதுவும் இல்லையே, யார் கூட்டுகிறார்கள் என்று கேட்டேன். கருப்பசாமி வண்டியைக் கிளப்பினார். என்ஜின் ஆறியிருக்க வாய்ப்பே இல்லை.

செல்வராணியின் ஊர் முக்கில் நாலரைக்கு இறங்கினேன். அதே சமயம் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்க, கதவருகே நின்ற பெரிய பொட்டுக்காரி ஒருத்தி எண்ணிக்கொண்டிருந்தாள். “இருபத்தஞ்சு. இருபத்தாறு. இருபத்தேளு.” இருபத்தேழாவது பெண் இறங்கிவிட்டாள். அடுத்தவள் படியில் காலை வைக்காமல் நின்றாள். ஒரு ஆள் இறங்குகிற நேரம் அப்படியே கழிந்தது. எண்ணுகிறவள் கையை லேசாக நீட்டினாள், யாரையோ பிடித்து இறக்குவதற்குப் போல. அப்புறம், “இருபத்தொம்பது” என்றாள். அடுத்தவள் இறங்கினாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருத்திகூட இதை வித்தியாசமாக நினைத்ததாகத் தெரியவில்லை, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

செல்வராணிக்கு இருபத்தாறு வயதுக்குள் இருக்கும். அண்ணாச்சி போனில் சொல்லியிருப்பார் போல, தெருவிலேயே எதிர்ப்பட்டாள். “அச்சாபீஸ்ல இருந்தா வாறீக? வாங்கம்மா, காப்பி குடிக்கீகளா?” என்றாள். வாசல் வேம்படியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். மெய்ப்பை மடியில் விரித்து, “கடைசி நம்பரைப் பாரும்மா” என்றேன்.

“அம்பத்தொண்ணு. ஐயோ, எங்கனயோ கூட அடிச்சிட்டேன் போலிருக்கு.” மேலிருந்து விரல் வைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். “இருபத்தாறு. இருபத்தேளு.” விரல் நின்றது. வேனில் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். “இருபத்தொம்பது, முப்பது...” என்று தொடர்ந்து ஐம்பத்தொன்றில் முடித்து, என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சரியாத்தானம்மா இருக்கு?”

அவளுக்குத் தெரியவே இல்லை. நான் அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் மெல்ல மாறியது.

“எங்க அக்கா வேலை பாத்த ரூமு” என்றாள். “இருபத்தேளுக்கு அடுத்தது.”

காளீஸ்வரி என்று பெயர். அப்போது நாலு மாதக் கர்ப்பம். இரண்டு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எந்தக் கம்பெனி எப்படி என்று இந்த ஊர்ப் பெண்களிடம் ஒரு வரிசையே உண்டாம். எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். “கூலிய வச்செல்லாம் வரிசை போட மாட்டோம். ஒண்ணு ஆச்சுன்னா யாரையும் கேக்காம வண்டிய எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாகளா, இல்ல முதலாளிக்குப் போனைப் போட்டுட்டு நிப்பாகளான்னுதான் பாப்போம்.” அக்கா கேட்டது வரிசையில் மேலே இருந்த கம்பெனியை. அங்கே கூலி குறைவு, தினமும் நடந்து போக வேண்டும். இன்னொன்றில் வேன் வாசலுக்கு வரும், ஃபோர்மேன் சொந்தக்காரர்.

“எங்கம்மாதான் சொல்லுச்சு, நம்ம ஆளுக இருக்கற எடத்துக்குப் போன்னு.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

“வெடிச்சதும் உசுரு இருந்துச்சும்மா. கேட்டுக்கிட்டு நின்னாக. போன் மேல போன். முக்கா மணி நேரம்.” மெய்ப்பைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். “எங்கம்மா இப்பவும் அங்கனதான் வேலைக்குப் போகுது. வேலை ஆரம்பிக்க முன்னாடி அந்த ரூமு இருந்த தரையக் கூட்டிட்டுத்தான் உக்காரும்.”

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, “யாருடி, அச்சாபீசா? சாப்பிட்டுப் போகச் சொல்லு” என்றாள். வேன் வாசலில் எண்ணிக்கொண்டிருந்த அதே பெரிய பொட்டு, அவள்தான் இவர்களின் அம்மா. எழுந்து கும்பிட்டேன். சாப்பிட முடியவில்லை. அணையைப் பார்க்காமலே திரும்பினேன்.

சனிக்கிழமை காலை 9.30க்கு அச்சகம். செல்வராணி மூன்று எழுத்துப் பிழையையும் திருத்தியிருந்தாள். எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்து, விசைப்பலகைமேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ.

“நம்பரை மாத்திருவோமா மேடம்?” என்றார் அண்ணாச்சி.

“வேண்டாம். அப்படியே ஓட்டுங்க.”

“பார்ட்டி கேட்டாகன்னா?”

“என்னைக் கேக்கச் சொல்லுங்க.” கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே ஒரு பிழைக்குக் கீழே நான் போட்ட முதல் கையெழுத்து அது. செல்வராணி என் பக்கம் திரும்பவில்லை. விரலை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் வெளியே வந்து நித்யாவைக் கூப்பிட்டேன். அங்கே நள்ளிரவாகியிருந்தது, தூங்கவில்லை. “நீ சொன்ன ஊருக்கே போ. நான் சொன்னதையெல்லாம் விட்டுடு” என்றேன். “என்னம்மா ஆச்சு? பட்டியல்ல டெக்சாஸ் எங்க இருக்கு?” என்றாள். எங்கேயோ இருக்கட்டும், உனக்கு ஒன்று என்றால் யாரையும் கேட்காமல் ஓடி வருகிற ஆஸ்பத்திரி எதுவோ அங்கே போ, என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில. அச்சகங்களைப் பார்க்க ஆசைப்பட்டால் தீபாவளி முடிந்து போங்கள், சீசனில் உங்களோடு பேச யாருக்கும் நேரம் இருக்காது. வெம்பக்கோட்டைக்குப் பஸ் உண்டு, ஆனால் இடைவெளி அதிகம், ஆட்டோ நல்லது. பட்டாசு ஆலை வேலியோரம் வண்டியை நிறுத்த வேண்டாம். போட்டோ எடுக்கவே வேண்டாம். சிவகாசியில் அறை வாடகை எனக்கு 850 ஆனது, சுத்தமாக இருந்தது. யாராவது எண்ணிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால், எடுத்துக்கொடுக்காதீர்கள்.

சார்ட் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது. நித்யா இப்போது மசாசூசெட்ஸில் இருக்கிறாள், ஏழாம் மாதம். மார்கழிக் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போன வாரம் கூப்பிட்டாள். சார்ட்டை வரவேற்பறையில் ஒட்டியிருக்கிறாளாம்.

“பெரிய மெய்ப்புத் திருத்துற ஆளு! கடைசி நம்பர் அம்பத்தொண்ணுன்னு இருக்கும்மா.”

“இருக்கட்டும்” என்றேன். செல்வராணியைப் பற்றியோ அவள் அக்காவைப் பற்றியோ நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்கிற கதையா அது?

“இரு, நீ எங்க விட்டிருக்கேன்னு சொல்றேன்” என்று மேலிருந்து எண்ண ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் பாதி வந்துவிட்டாள். “இருபத்தஞ்சு. இருபத்தாறு. இருபத்தேழு.”

ஒரு ஆள் இறங்குகிற நேரம்.

“இருபத்தொம்பது” என்றாள் என் மகள். “முப்பது, முப்பத்தொண்ணு...” ஐம்பத்தொன்று வரை போய்விட்டு, “சரியாத்தாம்மா இருக்கு” என்றாள்.