ஹினேசாவின் வெள்ளைத் தாள்கள்

என் நாத்தனார் ஹினேசாவை எனக்குப் பிடிக்காது என்று எங்கள் ஊர் பாலோமாரஸ் முழுக்க ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அவளைப் போன்ற வீம்புக்காரியோடு முப்பது வருஷம் ஒரே மதில் பகிர்ந்து குடியிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியும். ஆனால் இந்த ஊரில் நான் மனதுக்குள் கும்பிடுகிற ஆள் யார் என்று கேட்டால் அவள் பெயரைத்தான் சொல்வேன். அவள் காதில் விழும்படி மட்டும் சொல்லமாட்டேன்.

அவள் என் வீட்டுக்காரர் பர்த்தோலோவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் தக்காளியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள். தக்காளிக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. கட்டைவிரலை வைத்தாலே உள்ளே அடிபட்ட பழம் எது என்று சொல்லிவிடுவாள். அப்பா வீடு அவளுக்கு, வீட்டை ஒட்டிய வயல் அண்ணனுக்கு என்று பாகம் ஆகியிருந்தது.

அந்த வயல்தான் வம்பு. அறுபத்தாறாம் வருஷம் ஜனவரியில் வானத்தில் இரண்டு அமெரிக்க விமானங்கள் மோதி, அணுகுண்டுகள் எங்கள் தலைமேல் விழுந்தன. இரண்டு குண்டுகள் உடைந்து புளூட்டோனியம் மண்ணில் தூவிப்போனது. அமெரிக்கர்கள் வந்து மேல்மண்ணைச் சுரண்டிப் பீப்பாயில் அடைத்துக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் சுரண்ட முடியுமா? மீந்தது மீந்ததுதான். அது மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது, தூசியோடு எழும்பி மூச்சில் போனால்தான் ஆபத்து என்று மாட்ரிடிலிருந்து வந்த டாக்டர் ஒலாபே சொன்னார். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். ஒல்லியான மனிதர், மரியாதை தெரிந்தவர், எங்கள் வெயிலில் மூக்கு உரிந்து எப்போதும் சிவந்தே இருக்கும்.

காற்றை உறிஞ்சி அளக்கிற இயந்திரம் ஒன்றை மலையடிவாரத்தில் வைத்தார்கள். இன்னொன்றை ஹினேசா வீட்டு வாசலில், வயல் ஓரமாக வைத்தார்கள். நாங்கள் அதற்கு 'மூக்கு' என்று பெயர் வைத்தோம். நாள் முழுக்க காற்றை இழுக்கும், உள்ளே இருக்கும் வட்டத் தாளில் தூசி படியும். தினமும் காலை ஒன்பது மணிக்குத் தாளை மாற்ற வேண்டும், பழையதை உறையில் போட்டுத் தேதி எழுத வேண்டும், அன்று கீழ்காற்றா மேல்காற்றா என்று நோட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஹினேசாவிடம் கொடுத்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். காய்ச்சலிலும் மாற்றினாள். என் மூத்த மகளின் கல்யாணத்தன்று கோயில் மணி அடித்த பிறகும் இவள் வரவில்லை. பாதிரியார் காத்திருக்க, தாளை உறையில் போட்டுவிட்டுத்தான் வந்து சேர்ந்தாள்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. மலையடிவார மூக்கின் தாள்கள் காப்பி நிறத்தில் வந்தன. ஹினேசாவின் தாள்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பலத்த காற்று அடித்த நாளில்கூட வெள்ளை. கடைசியில் ஒரு மே மாதம் டாக்டர் ஒலாபே அவள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, சந்தோஷமாக விஷயத்தைச் சொன்னார். இந்தப் பக்கத்து மண் இறுகிவிட்டது, தூசி எழும்பவில்லை, இதுவரை மேலாக மட்டும் உழுத வயலை இனி ஆழ உழுது பிளாஸ்டிக் கூடாரம் போட்டுத் தக்காளி வைக்கலாம் என்று வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன் என்றார். பர்த்தோலோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. பிளாஸ்டிக் கூடாரம் போட்டவன் எல்லாம் வீடு கட்டி, கார் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கும் விடிந்தது என்று நான் நினைத்தேன்.

ஹினேசா மட்டும் சிரிக்கவில்லை. டாக்டர் போனதும் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணி, மண்ணு இறுகல. நான் தண்ணி தெளிக்கிறேன்."

முதலில் எனக்குப் புரியவே இல்லை. எங்கள் ஊரில் வெயில் ஏறுமுன் வாசல் தெளிக்காதவள் உண்டா? அப்புறம்தான் விளக்கினாள். இயந்திரம் வந்த நாளிலிருந்து, அது அழுக்காகக் கூடாதே, மாட்ரிட்காரர்கள் நாலு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று, அதைச் சுற்றி காலையில் ஆறு வாளி, மாலையில் ஆறு வாளி. காற்று பலமாக அடித்தால் வாய்க்காலிலிருந்து மொண்டு வயலுக்குள்ளும் இருபது அடி வரை தெளித்திருக்கிறாள். டாக்டர் வருவது எப்போதும் மதியத்துக்கு மேல். அதற்குள் நிலம் காய்ந்திருக்கும். அவர் பார்க்க வழியில்லை. தூசியை அளக்க வைத்த இயந்திரத்துக்கு எதிரில் தூசியே வராமல் பார்த்துக்கொண்ட புத்திசாலி, உலகத்திலேயே என் நாத்தனார் ஒருத்திதான்.

நான் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லப் போகிறாள் என்று புரிந்தது. கெஞ்சினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உன் அண்ணன் இருபது வருஷமாக இதற்குத்தானே காத்திருக்கிறார் என்றேன். இனிமேல் தெளிக்காதே, போனது போகட்டும் என்றேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவளைப் பார்த்திருக்கிறேன், சொந்த அண்ணனுக்கு வைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு சால்வையை எடுத்தாள்.

டாக்டர் கடற்கரை விடுதியில் தங்கியிருந்தார். அவள் முன்னால் நடக்க, திட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். தடுக்கத்தான் போனேன். விடுதிச் சாப்பாட்டு மேசையில் அவர் வறுத்த மத்தி மீனை முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஹினேசா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், எத்தனை வாளி, எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு தூரம் என்று. அவருடைய மூன்று வருஷ வேலை அந்த வாளித் தண்ணீரில் கரைந்துபோவதை நான் அவர் முகத்தில் பார்த்தேன்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காதும்மா," என்றார்.

"அதனாலதான் டாக்டர் சொல்றேன்," என்றாள் ஹினேசா.

அந்த மனிதரையும் சொல்ல வேண்டும். கோபப்படவில்லை. நிலத்தில் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லாதது தன் தவறு என்று தன் நோட்டில் தானே எழுதிக்கொண்டார். மீனை அப்படியே தள்ளி வைத்துவிட்டார்.

பர்த்தோலோவிடம் நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே வந்தாள். மிகாஸ் கிளறி வைத்திருந்தேன், ரொட்டித் தூள் பொன்னிறமாக வந்திருந்தது, ஒருவரும் தொடவில்லை. கேட்டு முடித்ததும் பர்த்தோலோ மேசையைத் தட்டினார்.

"அடுத்தவன் வயலா இருந்தா இப்படி ஓடிப் போய்ச் சொல்லியிருப்பியாடி?"

"சொல்லியிருப்பேன். ஆனா இவ்ளோ பயந்திருக்க மாட்டேன்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "மூணு வருஷமா என் தாளை நம்பி வாயத் தொறந்துகிட்டு உழுதிருக்கியேண்ணே. மூஞ்சில ஒரு துணி கூடக் கட்டாம. அதான் வெள்ளையா வருதேன்னு நானும் பாத்துகிட்டு நின்னேன்."

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் கெஞ்சிய அத்தனை நேரமும் வயலைப் பற்றித்தான் நினைத்திருந்தேன். அவள் அவருடைய நெஞ்சைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். பர்த்தோலோவுக்கு அது காதில் ஏறவில்லை. இனி இந்த வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த ஒரு வருஷம் அவள் சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. ஊரிலேயே சுத்தமான வாசல் என்று பெயர் எடுத்தவள் புழுதியில் குடியிருந்தாள். ரொட்டிக் கடையில் பெண்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஒருத்தி, அண்ணன் வயலுக்கு வேலி கட்டப் போகிற புண்ணியவதி வந்தாச்சு, வழி விடுங்கள் என்றாள். வழி விட்டதற்கு நன்றி, வரிசையில் முதலில் நிற்பது எனக்கும் பிடிக்கும் என்று சொல்லி ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள் ஹினேசா. வீட்டுக்கு வந்து அழுதாள், மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அன்றைக்கு முதல்முறையாக அவளுக்கு ஒரு தட்டு உணவைப் பர்த்தோலோவுக்குத் தெரியாமல் கொடுத்தனுப்பினேன். உப்பு அதிகம் என்று தட்டைத் திருப்பி அனுப்பும்போது சொல்லியனுப்பினாள். திமிர் குறையவில்லை.

தாள்கள் காப்பி நிறத்தில் வந்தன. மாட்ரிடில் அளந்தார்கள், தூசியில் புளூட்டோனியம் இருந்தது. வயலில் கம்பி வேலி போட்டார்கள், பலகை மாட்டினார்கள். பர்த்தோலோ வேறொருவர் நிலத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலைக்குப் போனார். தங்கை எதிரில் வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவார்.

வருஷா வருஷம் ஊர்க்காரர்களை பஸ்ஸில் மாட்ரிடுக்கு அழைத்துப் போய், உடம்பில் புளூட்டோனியம் ஏறியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். பர்த்தோலோ ஒருமுறைகூடப் போனதில்லை. என் மூத்திரத்தை மாட்ரிட் வரை ஊர்வலம் விட வேண்டுமா என்று கேலி செய்வார். அந்த வருஷம் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டினார். ஏன் என்று நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் பெயருக்கு உறை வந்தது. பிரிக்கவில்லை. மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் படிக்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றார். பாதிரியாரிடமோ ஊர் வைத்தியரிடமோ காட்டுங்களேன் என்றேன். அவர்கள் யார் வந்து காட்டினாலும் ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னால் போனேன். ஒன்றரை வருஷமாக மிதிக்காத வாசலில் போய் நின்று உறையை நீட்டினார்.

"படி," என்றார்.

ஹினேசா கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். எண்களை ஒருமுறை படித்தாள், விரலை வைத்து மறுபடி படித்தாள். எனக்கு அவள் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடேன், பாவி.

"கொஞ்சம் இருக்குண்ணே," என்றாள். "அவங்க போட்டிருக்கற வரம்புக்கு ரொம்பக் கீழதான். ஆனா இருக்கு."

பர்த்தோலோ நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன்," என்றார்.