பத்து நிமிடச் சோளம்

பழனாயிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றில் கை வைத்த பிறகும் எழுந்துபோய் எருமையைப் பார்த்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவளைப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் எட்டு மணி நேரம் நிற்கச் சொன்னால் என்ன ஆவாள்?

குன்னத்தூர்ப் பக்கம் அவர்களுக்கு அரை ஏக்கர் தோட்டம். தொண்ணூற்று மூன்றில் தக்காளி கைவிட்டதும் புருஷன் ஆத்தப்பன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"இந்த மக்காச்சோளமும் விக்கலீன்னா வெள்ளாமை வந்த மறுமாசம் ஒண்ணாந்தேதி நீ செக்கிங்குக்குப் போயிரு. கான்ட்ராக்டருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன்."

பாதி நிலத்தில் ஒட்டுரகம், பாதியில் நாட்டு வெள்ளை விதைத்தாள். பால் பிடித்ததா என்று தோகையைப் பிரித்துப் பிரித்துக் கிள்ளிப் பார்த்தே பத்துக் கதிரை எறும்புக்குக் கொடுத்தாள்.

ஒட்டுரகம் முழங்கை நீளம். எல்லாம் ஒரே வாரத்தில் தயார். நாட்டு வெள்ளை ஒரு சாண்கூட இல்லை; இன்றைக்கு இங்கே ஒன்று, நாளைக்கு அங்கே ஒன்று. பெரியதை நம்பி, கம்பெனி கேட்டில் டீ நேரத்தில் சுட்டு விற்றாள். கூட்டம் மொய்த்தது. மறுநாளே சூப்பர்வைசர் வெள்ளைப் பனியனோடு வந்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, பாருங்க. பீஸெல்லாம் கரி விரல் தடம். இனி இங்க சுடாதீங்க."

வெள்ளைத் துணி தைக்கிற கைகளில் சுட்ட சோளத்தைக் கொடுத்த தன் புத்தியை அவளே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவித்துக் கொண்டுபோனாள். ஆறிய ஒட்டுரகம் பல்லோடு மல்லுக்கு நின்றது. பத்து நிமிட இடைவேளையில் பாதிகூடத் தின்ன முடியாமல் பெண்கள் முகம் சுளித்தார்கள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கே நாள். வேறு வழியின்றி வெள்ளையை அவித்தாள். ஆறியும் மெத்தென்று இருந்தது. மணியடிக்குமுன் எல்லார் கையிலும் வெறும் கட்டைதான். ஆனால் முப்பது கதிர் தேற, விடிந்ததும் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்து நடக்க வேண்டும். வேறொருத்திக்கு அது தண்டனை.

ஒன்றாம் தேதி காலையில் ஆத்தப்பன் சைக்கிளை எடுத்தான். கான்ட்ராக்டரிடம்தான் போகிறான் என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கும் வரப்புக்கும் அலைந்தாள். மத்தியானம் திரும்பியவனின் சைக்கிள் கேரியரில் அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையின் புது அண்டா ஒன்று கட்டியிருந்தது.

"ஏனுங்க, என்னன்னு சொல்லீட்டு வந்தீங்க?"

"வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிட்டேன். அடுத்த வெள்ளாமைக்கு அரை ஏக்கரும் வெள்ளைதான். கவுத்தை அவுத்துடு. இதை நெரப்போணும்னா நீ இன்னும் நடக்கோணும், புள்ளே."