அவர் தேர்ந்தெடுத்த சொல்

பக்கவாதத்தில் பேச்சு போன தொட்டியம் வாழை விவசாயி ஒருவர் இன்று புத்தூருக்கு என்னிடம் ஸ்பீச் தெரபிக்கு வந்திருந்தார்.

இப்போது வரும் ஆய்வுகள் சொல்வது இதுதான். எந்தச் சொல்லைப் பழகுவது என்று நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

தண்ணீர், வாழைத்தார், மகள், மனைவி என்று படங்களைப் பரப்பினேன்.

"எது வேணும்னு நீங்களே காட்டுங்க ஐயா."

எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இடது கையை விரித்து, சாப்பாட்டு இலையை மறைப்பதுபோல் மேசைக்கு மேல் பிடித்தார்.

"போதும்ங்கிறாரு மேடம்," என்றார் அவர் மனைவி. "வீட்டுலயும் இப்படித்தான் இலைய கையால மறைப்பாரு. உடம்பு தேறணுமேன்னு நான்தான் இன்னும் ரெண்டு இட்லி வைப்பேன்."

மதியத்துக்கு மேல் என் மண்டையில் எதுவும் உறைப்பதில்லை. "சரிங்க, அதையே பழகலாம்," என்றேன்.

அரை மணி நேரம் போனது. "போ... தும்" என்று வந்தது. நோய் வந்த பிறகு அவர் பேசிய முதல் சொல். மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

"அருமைங்க. இன்னொரு தடவ சொல்லுங்க," என்றேன், ஆய்வு சொன்னபடி.

என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கையை விரித்து மேசைக்கு மேல் பிடித்தார்.

"போதும்."

இந்த முறை திக்கவே இல்லை. நிறுத்திவிட்டேன்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் நின்றபடி யோசிக்கிறேன். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது? பயிற்சி பாதியில் நின்றது என்றா, வெற்றி என்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.