குதிரைமேல் இருந்தவர்

மழைச் சத்தத்துக்கு நடுவில் குதிரைக் குளம்படி கேட்டால், இன்றும் என் கைவேலை நின்றுவிடும்.

குன்னூர்த் தோட்டத்து பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். அன்று காலை துரை குதிரையில் மஞ்சூர்ப் பக்கம் போனார். குதிரையோடு கூடவே ஓடிய குதிரைக்காரர் என் கணவர். மத்தியானம், வழியில் மண் சரிந்துவிட்டதாகச் சேதி வந்தது.

துரைசாணி, குறி பார்க்கும் டாரட் சீட்டுகளை மேசையில் பரப்பினார். ராஜா, ராணி, குதிரைவீரன் என்று அதில் வரும் ஒவ்வொரு முகமும் நமக்குத் தெரிந்த ஒருவரைக் காட்டும் என்பார். அன்று குதிரைவீரன் வந்தான், கெட்ட சகுனமாகத் தலைகீழாக.

"துரைக்கு ஏதோ ஆயிடுச்சு," என்றார்.

"எங்க ஊட்டுக்காரரு எந்தச் சீட்டுங்கம்மா?"

கட்டு முழுவதையும் புரட்டினார். குதிரையோடு ஓடுகிறவனுக்கு அதில் படமே இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் சீட்டுகளை அடுக்கி வைத்தார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

இருட்டும் நேரம் குளம்படி கேட்டது. இருவரும் வாசலுக்கு ஓடினோம். துரை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். சேணத்தின்மேல், கால் ஒடிந்து, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தார் என் கணவர்.

"நான் வேண்டாம்னுதானுங்க சொன்னேன், துரை கேக்கலீங்க," என்று துரைசாணியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.

குதிரைமேல் இருப்பவர் துரைதான் என்று துரைசாணி முடிவுகட்டியதில் ஆச்சரியமில்லை. அந்தச் சீட்டில் என் கணவரைப் பார்க்க எனக்கே தோன்றவில்லையே.