ஆறு மணி வரை இணைப்பிலேயே இருங்கள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தக் கேம் கம்பெனி தன் சர்வரை நிறுத்திவிடப் போகிறதாம். சாவிக்கடைக்காரரின் மச்சினன் வேலை செய்யும் அலுவலகத்துக்கு பிரிண்டர் மை மாற்ற வருகிறவர் சொன்னாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்படி மூன்று வாய் மாறி வந்த சேதி, புதன்கிழமை காலை ரிப்பேரக்காவின் கடைக்குள் டீ கப்போடு நுழைந்தது.

"தங்கச்சி, உன் கப்பல் கேம் கம்பெனிக்கு மூடுவிழாவாம்," என்றார் பக்கத்துச் சாவிக்கடைக்காரர். "ஏற்கெனவே ஓடுற கம்ப்யூட்டர்ல கேம் ஓடிக்கிட்டே இருக்குமாம். புதுசா எதுலயும் திறக்காதாம். பூட்டு இருக்கும், சாவி குடுக்க ஆள் இருக்காது. நானெல்லாம் பூட்டு வித்தா கையோட ரெண்டு சாவி குடுக்கறேன். இவனுங்க என்ன தொழில் பண்றானுங்க?"

"யார் சொன்னது?"

"நம்பகமான இடம்."

"உங்க மச்சினனா?"

"அவனுக்குச் சொன்ன ஆளு நம்பகமானவர்னு வச்சுக்கயேன்."

ரிப்பேரக்கா சிரிக்கவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளுக்கு வயிறுதான் எரிந்தது. பதினோரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த கோபம் அது. இப்போது எதிராளி தன்பாட்டுக்குப் படுக்கையில் கண்ணை மூடப் போகிறான்; அவள் கையால் ஒரு கீறல்கூட வாங்காமல்.

நாற்பத்து மூன்று வயது அவளுக்கு. அந்தத் தெருவில் பழுதான கம்ப்யூட்டர் எதுவானாலும் அவள் மேசைக்குத்தான் வரும். சின்னப் பிள்ளைகள் வைத்த பெயர் ரிப்பேரக்கா. பெரியவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் சிடுமூஞ்சி. இரண்டுக்கும் அவள் திரும்பிப் பார்ப்பாள். புதுசு வாங்கச் சொல்லி யாரையும் அனுப்பியதில்லை. கெட்டுப்போன ஒரே ஒரு சின்னப் பாகத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றிக் கொடுப்பதில் அவளுக்கு ஒரு வெறி.

அந்த வெறிதான் அவளை மாட்டிவிட்டது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளும் அப்பாவும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தார்கள். அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காது பாதிதான் கேட்கும். நெஞ்சில் நோய் வந்து வெளியே போக முடியாமல் ஆனபோது, அவருக்காக ஒரு கப்பல் விளையாட்டை டப்பாவோடு வாங்கிவந்தாள். நாற்பது தீவுகள், ஒவ்வொன்றையும் தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொரு ஆள் வேண்டாம், ஒருதடவை அனுமதி வாங்கிவிட்டால் இணையம் வேண்டாம், ஒருவர் உட்கார்ந்து விளையாடுவது. இவர்கள் இருவராக விளையாடினார்கள். அவள் விசையை அழுத்த, அவர் வழி சொன்னார். "லெஃப்ட்ல ஒடி, ஒடி! ஸ்டாப் வந்துடுச்சு!" என்று கப்பலையும் பஸ்ஸாகத்தான் ஓட்டினார். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் கடல் வரைபடம் போட்டார்.

பழுது பார்த்த மதர்போர்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அது சூட்டைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏதாவது கனமான வேலை கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுவது வழக்கம். வாடிக்கையாளரின் போர்டைத் தன் பெட்டியில் மாட்டி, தன் ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, அப்பாவின் கப்பலையே ஓடவிட்டாள். சோதித்த மாதிரியும் ஆயிற்று, அப்பாவுக்குப் பொழுது போன மாதிரியும் ஆயிற்று. ஒவ்வொரு போர்டிலும் அது இணையத்தைத் தொட்டு அனுமதி வாங்கிக்கொண்டதை அவள் பெரிதாக நினைக்கவில்லை.

கேமுக்குள் இருந்த பூட்டுக்கு எங்கே தெரியும் ரிப்பேர்க் கடை? போர்டு மாறினால் அதன் கணக்கில் வேறொரு கம்ப்யூட்டர். ஐந்து முறைக்கு மேல் அனுமதி கிடையாது. ஆறாவது போர்டில், முப்பத்தொன்பது தீவு முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி இருக்கும்போது, திரை கறுத்தது. அவளுடைய பழைய போர்டு அதற்குள் உதிரியாகப் பிரிந்து நாலு பேர் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டிருந்தது. 'இந்த எண்ணை அழைக்கவும்' என்றது திரை.

அழைத்தாள். பதிவு செய்த குரல் ஒன்று வந்தது. "தயவு... செய்து இணைப்பிலேயே இருங்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்." தயவுக்கும் செய்துக்கும் நடுவில் படியேறியவன்போல ஒரு மூச்சு. நாற்பது நிமிஷம் கழித்து ஆள் வந்தபோது, அதே குரல், அதே மூச்சு.

"இந்த டப்பா நம்பரை அஞ்சு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க. யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல சார். நான் ரிப்பேர் பண்றவ. கஸ்டமர் போர்டை என் பெட்டியில மாட்டி டெஸ்ட் பண்ணுவேன்."

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் ஏதாவது ஒரு தொழிலைச் சொல்லத்தான் செய்றாங்க, மேடம்."

ஒன்பது முறை அழைத்தாள். டப்பாவைப் படமெடுத்து அனுப்பினாள். திருடி என்ற சொல்லை அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. மரியாதை குறையாமல் ஒன்பது தடவையும் அதையேதான் சொன்னார். திரை கறுத்த பதினோராவது வாரம் அப்பா போய்விட்டார். "அந்தக் கடைசி ஸ்டாப்பு..." என்று ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்டார், அவள் வேறு பேச்சுக்குப் போனாள். பூட்டை உடைத்த பிரதி எந்தக் கடையிலும் கேட்டால் கிடைக்கும். அவள் கேட்கவில்லை. போட்டால், அந்த ஆள் சொன்னது உண்மையாகிவிடும்.

பெயர் தெரியாத அந்த ஆளுக்கு அவளே 'தயவுசெய்து' என்று பெயர் வைத்தாள். கைக்கு வராத ஸ்க்ரூவையெல்லாம் அந்தப் பெயர் சொல்லித்தான் திருகினாள்.

வியாழக்கிழமை மதியம் அறுபதை ஒட்டிய ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் கையில் கம்ப்யூட்டர் பெட்டி; அந்த அம்மா கையில் ஒரு தடித்த நோட்டு.

"ஆன் பண்ணினா உடனே அணைஞ்சுடுது. தயவு... செய்து இன்னைக்கே பாத்துத் தர முடியுமா?"

ஸ்க்ரூடிரைவர் அவள் கையிலேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. இந்தக் குரலுக்கு அவள் பத்து விதமாக முகம் வரைந்து வைத்திருந்தாள். இப்படிச் சாதுவான ஒன்று அதில் இல்லை.

"என்ன அவசரம் சார்?" என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"இவளோட கேம் ஒண்ணு இருக்கு. நாளைக்கு ஆறு மணியோட சர்வர் நிக்குது, அதுக்குள்ள ஒரு தடவை திறந்து பாத்துடணும். நான் அந்தக் கம்பெனியிலதான் இருந்தேன், ரெண்டு வருஷம் முன்னாடி ஆளைக் குறைக்கறேன்னு அனுப்பிட்டாங்க. விஷயம் உண்மைதான்."

ஆக, பிரிண்டர்காரர் நம்பகமான ஆள்தான்.

"ஒன்பது வருஷமா ஆடறேன்மா," என்றார் அந்த அம்மா, நோட்டைத் தட்டியபடி. "சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம். இவர் தூங்குவார், நான் கப்பல்ல போயிடுவேன். முப்பத்தெட்டு தீவு பாத்தாச்சு."

"இந்த கேம் அஞ்சு தடவைக்கு மேல திறக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேனே," என்றாள் ரிப்பேரக்கா. "ஒன்பது வருஷத்துல கம்ப்யூட்டர் மாத்தவே இல்லையா?"

"மாத்தினோமே!" அவர் சிரித்தார். "ரெண்டு தடவை லிமிட் முடிஞ்சுது. நான் உள்ளே இருந்தப்ப பழைய கணக்குல ஒண்ணை மட்டும் நானே எடுத்துவிட்டுடுவேன். ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம். ரிப்பேரக்கா பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கழற்றும்போதே பார்த்துவிட்டாள். மதர்போர்டில் மூன்று கெபாசிட்டர்கள், விரல்நுனி உயரச் சின்ன உருளைகள், தலை உப்பிக் கிடந்தன. அரைமணி நேர வேலை. அதை மாற்றினால் போர்டு பழைய போர்டாகவே இருக்கும். பூட்டு மூச்சு விடாது. யாரையும் அழைக்க வேண்டியதில்லை, ஆறு மணிக்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. வேறு எவர் வந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"போர்டுதான் போயிருக்கு," என்றாள்.

"அப்ப புது போர்டு போட்டுடுங்க. பழசை நோண்டிக்கிட்டு இருக்க வேணாம்."

வாயைத் திறக்கப் போனாள். ஒரு நிமிஷ வேலை என்று சிரித்த அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. மூடிக்கொண்டாள்.

"நீங்க சொல்றபடியே செஞ்சுடலாம் சார். இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. புது போர்டுன்னு. நாளைக்கு நாலரைக்கு வாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டு, நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ரிப்பேரக்கா ஒரு வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்டபடி செய்யப் போகிறாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே புது போர்டை மாட்டிவிட்டாள். பழையதைக் குப்பையில் போடத்தான் எடுத்தாள். கை கேட்கவில்லை. உப்பிய மூன்றையும் பிடுங்கி, புதுசு மூன்றைப் பற்றவைத்து, ஓட்டிப் பார்த்தாள். குதிரையாக ஓடியது. அதை ஒரு துணியில் சுற்றி மேசை டிராயரில் வைத்துச் சாவி போட்டாள். இது எதற்கு என்று கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது.

நாலரை மணிக்கு இருவரும் வந்தார்கள். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. அந்த அம்மா நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கப்பலைத் தட்டினார். திரை கறுத்தது. 'அனுமதி எண்ணிக்கை முடிந்துவிட்டது. இந்த எண்ணை அழைக்கவும்.'

கணவரின் முகம் தொங்கிவிட்டது. "ஐயோ, போர்டை மாத்தினாலும் கேக்குமே! கம்ப்யூட்டர் அதேதானேன்னு இருந்துட்டேன்."

"கேக்கும்தான் சார். போர்டு மாறினா வேற கம்ப்யூட்டர். உங்களுக்குத் தெரியாததா? கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்கறோம்."

அவர் எண்ணை அழுத்தினார். மூன்று மணியோசை. பிறகு கடை முழுக்க அவர் குரல்.

"தயவு... செய்து இணைப்பிலேயே இருங்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்."

"அட, நீங்க!" என்று அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஆளை அனுப்பிட்டு குரலை வச்சுக்கிட்டாங்களா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்தது. குரல் வந்தது. மறுபடி மணி. ரிப்பேரக்கா ஒரு பழைய கீபோர்டை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தே காலுக்குள் அவர் தன் குரலை முப்பது தடவை கேட்டிருப்பார்.

"யாருமே இல்லையா அங்க?" என்றார் ஒருவழியாக. "ஒரு மனுஷன் இவ்வளவு நேரமா கேக்கறது! இது அவளோட சொந்த கேம். திருட்டுப் பொருளா என்ன?"

ரிப்பேரக்கா கீபோர்டைக் கீழே வைத்தாள்.

"மாட்டிக்கிறவங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்றாங்க, சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அந்த அம்மாதான் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா சொல்றே?"

ரிப்பேரக்கா அலமாரி மேலிருந்து கேம் டப்பாவை இறக்கினாள். உள்ளேயிருந்து காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தாள். பென்சில் கடல், முப்பத்தொன்பது புள்ளிகள். ரிப்பேர் போர்டுகள், ஒன்பது அழைப்பு, பதினோரு வாரம், ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் ஏறவில்லை. அவள் நிறுத்திய இடங்களிலெல்லாம் அந்தப் பதிவு வந்து, உங்கள் அழைப்பு முக்கியம் என்றது.

"எனக்கு... ஞாபகம் இல்லைம்மா," என்றார் அவர். "ஒரு நாளைக்கு நூறு பேர்கிட்ட பேசுவேன். எழுதிக் குடுத்ததைத்தான் சொன்னேன்."

"அந்தத் தொழில் பேச்சும் எழுதிக் குடுத்ததா?"

அது அவருடைய சொந்தச் சரக்கு என்று அவர் முகத்தில் தெரிந்தது.

மணி ஐந்து நாற்பது. அந்த அம்மா காலண்டர் தாளையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் ஒரே கடல்.

"எனக்கு இவர் எடுத்துவிட்டப்ப, எல்லாருக்கும் அப்படித்தான் எடுத்துவிடுவாங்கன்னு நினைச்சேன்," என்றார் மெதுவாக. பிறகு, "வேற வழி இருக்காம்மா?"

ரிப்பேரக்காவின் கை டிராயர் மேல் இருந்தது. இல்லை என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதினோரு வருஷம். ஆனால் ஒன்றே ஒன்று பாக்கி என்று காத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இருக்கு," என்றாள். "ஆறு மணிக்கு மேலயும் நடக்கும். உங்க பழைய போர்டை ரிப்பேர் பண்ணி வச்சிருக்கேன். மாட்டினா யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல."

அவர் முகம் மலர்ந்தது. ஃபோனை அணைக்கக் கட்டைவிரல் போயிற்று.

"வைக்காதீங்க சார்," என்றாள் ரிப்பேரக்கா. "அது அம்மாவுக்கு. உங்களுக்கு ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா ஸ்டூலை ரிப்பேரக்காவின் மேசையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"சொல்றாள்ல? பிடிச்சுக்கிட்டு நில்லுங்க," என்றார். "உங்க அழைப்பு முக்கியமாம்." காலண்டர் தாளில் விரலை வைத்தார். "அப்பா எந்தப் பக்கமா வந்தாரு, காட்டு. நாற்பதாவது எங்க இருக்கும்னு பாப்போம்."

அவர் கதவருகே நின்றார். கையில் ஃபோன், ஸ்பீக்கர் போட்டபடியே. தயவு, ஒரு மூச்சு, செய்து. அதன் பின் மணி. மணி அடித்துக்கொண்டே இருந்தது.