கஞ்சி போட்ட கிரீடம்

என் மாமனாருக்கு இரண்டு பக்திகள் இருந்தன. ஒன்று குலதெய்வம், மற்றொன்று நாடகக் கம்பெனி. குலதெய்வத்தை வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று இருந்தார். நாடகத்தை அப்படி விட முடியவில்லை. கோயம்புத்தூரில் ஏதாவது ஒரு கம்பெனி கொட்டகை போட்டுவிட்டால், பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரிலிருந்து வாரம் தவறாமல் வண்டி கட்டிக்கொண்டு போவார். மேடையில் ராஜபார்ட் வந்து நின்றதும் முன்வரிசையில் இவரும் முதுகை நிமிர்த்திக்கொள்வார். நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அந்த முதுகு வளையாது. நாங்களெல்லாம் குடிபடைகள் ஆகிவிடுவோம்.

என் மகனுக்குப் பங்குனியில் மொட்டை போட்டுக் காது குத்துவது என்று முடிவானபோது அவருக்கு அந்த யோசனை வந்தது.

"ஏனம்மணி, நீ கம்பளி நூல்ல என்னென்னமோ பின்னறயாமா. நம்ம பையனுக்கு ராஜபார்ட்டுக் கிரீடம் மாதிரி ஒரு தொப்பி பின்னிப்போடு. மொட்டை போட்டதும் அதை வெச்சுக்கிட்டுத்தான் அவன் மாமன் மடியில உக்காரோணும்."

"பங்குனி வெயில்ல கம்பளியுங்களா மாமா?"

"ராசாவுக்கு வெயிலென்ன மழையென்ன!"

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். என் பாடு வேறு. கோயம்புத்தூரில் மிஷன் பங்களாவில் ஒரு துரைசானி சனிக்கிழமைதோறும் பெண்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் பெரிய மனது பண்ணி என்னை அங்கே சேர்த்துவிட்டார். ரயிலேறிப் போய் வருவேன். பின்னல் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த பங்களாவில் நான் நாற்காலியில் உட்காருவேன். என் மாமியார் வீட்டில் நாற்காலி இல்லாமல் இல்லை, நாலு இருந்தன. மருமகள் அதைத் துடைக்கலாம், தூக்கி வைக்கலாம், உட்கார மட்டும் கூடாது. சனிக்கிழமை ஒரு நாள்தான் என் முதுகு சாய ஓர் இடம் கிடைத்தது. அதற்காகவே வாரம் முழுவதும் காத்திருப்பேன்.

பிள்ளை பிறந்ததும் என் மாமியார் அதை நிறுத்திவிட்டார். இப்போது கிரீடப் பேச்சு வந்ததும் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டு ஒப்பந்தம் பேசினார்.

"சபையில நல்ல பேரு வாங்குச்சுன்னா சனிக்கெழமை போயிக்க கண்ணு, நா ஒண்ணுஞ் சொல்லலை. இல்லீன்னா அந்த ஊசியெல்லாம் அட்டாலிக்குப் போயிரும். பொறகு என்னைக் கேக்கப்படாது."

எங்கள் வீட்டு அட்டாலிப் பரணில் ஏறிய பொருள் எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. உடைந்த முறம், ஓட்டை அண்டா, மாமனாரின் தம்பி ஒரு காலத்தில் வாசித்த ஆர்மோனியம் எல்லாம் அங்கேதான் இருந்தன. என் ஊசிகளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடக் கூடாதென்று அன்றே நூலை எடுத்தேன்.

முதல் தொல்லை அளவில் வந்தது. தலையைச் சுற்றி நூல் பிடிக்கப் போனேன். என் மாமியார் பதறிப்போய்த் தடுத்தார். குழந்தையை அளந்தால் வளர்த்தி நின்றுவிடுமாம். அளக்காமல் எப்படிப் பின்னுவது என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பை எடுத்து வந்தார். குழந்தையையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுதான் அளவு" என்றார். சொம்பு பெரிதாயிற்றே என்றால், "வளர்ற புள்ளை" என்றார். அளந்தால் வளராத பிள்ளை, பின்னி முடிப்பதற்குள் சொம்பளவு வளர்ந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

மஞ்சள் நூலில் கிரீடம், விளிம்புக்குச் சிவப்பு, முன்னால் ஐந்து முனைகள். பின்னல் அழகாகத்தான் வந்தது. ஆனால் கம்பளி கம்பளிதானே! முனைகள் நிற்கவில்லை, தூங்கி வழிந்தன. அப்போதுதான் கொடியில் காய்ந்த மாமனாரின் வேட்டியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் வேட்டிக்குப் போடும் கஞ்சி சாதாரணக் கஞ்சியல்ல, வேட்டி ஆளில்லாமலே நடந்துவிடும். சோறு வடித்த கஞ்சியைக் கெட்டியாக்கி, தொப்பியை அதில் முக்கி, சொம்பின் மேல் கவிழ்த்து வெயிலில் வைத்தேன். சாயந்திரம் பார்த்தால் ஐந்து முனைகளும் விறைத்துக்கொண்டு நின்றன. மாமனார் விரலால் தட்டிப் பார்த்தார். 'டொக்'கென்று சத்தம் வந்தது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சொம்போடு எடுத்துக்கொண்டு போய் ஊரெல்லாம் காட்டிவிட்டு வந்தார்.

கோயிலில் எல்லாம் முறைப்படி நடந்தது. காங்கேயத்திலிருந்து சீரோடு வந்திருந்த என் அண்ணன், தாய்மாமன் என்ற கௌரவத்தில் பட்டுடுத்திச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். குழந்தைக்கு மொட்டை போட்டு, குளிப்பாட்டி, தலை நிறையச் சந்தனத்தை அப்பி அவர் மடியில் வைத்தார்கள். சந்தனம் சொதசொதவென்று இருந்தது.

"சித்தெ காயட்டுமுங்க மாமா" என்றேன்.

"சபை காத்துக்கிட்டிருக்குது அம்மணி!" என்று சொல்லி, ஒரு பட்டாபிஷேகமே நடத்துகிறவர்போல் இரண்டு கையாலும் கிரீடத்தைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு அவரே வைத்தார்.

சபை ஆஹா என்றது. கொஞ்ச நேரம்தான். ஈரச் சந்தனத்தில் கஞ்சி ஊறத் தொடங்கியது. நடுமுனை முதலில் தலை குனிந்தது. பக்கத்து முனைகள் அதைப் பார்த்துத் தாமும் குனிந்தன. முடியும் போய்விட்ட தலைக்குச் சொம்பளவுத் தொப்பி எப்படி நிற்கும்? மெல்ல இறங்கி, கண்ணை மூடி, மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. முனைகள் நாலாபக்கமும் தொங்கின.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ராஜபார்ட்டு போயி பபூன் வந்துட்டானுங்கோ!"

கோயிலே சிரித்தது. பூசாரி மணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் வீட்டுக்காரர் கோபுரத்தில் எத்தனை பொம்மை இருக்கிறதென்று ஆராயத் தொடங்கினார். சபை நடுவில் மாமனார் முதுகு வளைந்ததை அன்றுதான் பார்த்தேன். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அட்டாலி தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலி போயிற்று என்று நினைத்துக்கொண்டே தொப்பியைக் கழற்றக் கை நீட்டினேன்.

அதற்குள் குழந்தை சிரித்தான். கண்ணை மூடியதும் மாமன் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. காது குத்தக் காத்திருந்த ஆசாரி, இந்த மாதிரி நேரம் மறுபடி வாய்க்காது என்று தொப்பி விளிம்பை ஒதுக்கிச் சட்டென்று ஒரு காதைக் குத்திவிட்டார். குழந்தை 'ங்' என்றான், அவ்வளவுதான். இரண்டாவது காதுக்கு ஊரைக் கூட்டினான் என்பது உண்மை. ஆனால் எங்கள் பங்காளி வகையறாவில் முதல் காதுக்கு அழாத பிள்ளையை யாரும் கண்டதில்லை. சிரித்த கூட்டம் வாயைப் பிளந்தது.

மாமனார் முதுகை நிமிர்த்தினார். "பபூனில்லாம எந்த நாடகமுங்க நடக்குது? எல்லாம் யோசிச்சுத்தான் செய்யச் சொன்னேன்" என்றார்.

வண்டியில் வீடு திரும்பும்போது மாமியார் மெதுவாகச் சொன்னார்: "கண்ணு மறையட்டும்னுதான் பெரிய சொம்பாப் பாத்துக் குடுத்தேன். நீதான் பெரிசு பெரிசுன்னு சொன்னே. செரி, சனிக்கெழமை போய்ட்டு வா."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க அத்தை" என்றேன்.

பிறகு சொந்தத்தில் எந்த வீட்டில் காது குத்தினாலும், பிள்ளையை அழவிடாத தொப்பி வேண்டுமென்று ஆள் வந்துவிடும். "அதே மாதிரி தொங்கோணுமுங்க." ஒரு முறை ரோஷம் வந்து, துரைசானியிடம் இறுக்கமான பின்னல் ஒன்று கற்றுக்கொண்டு, கஞ்சி இல்லாமலே நிற்கும் கிரீடம் ஒன்று பின்னிக் கொடுத்தேன். வாங்க வந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நிக்குதுங்களே" என்று வருத்தத்தோடு வைத்துவிட்டுப் போனார். மாமியாரின் முகம் சுருங்கியது. அட்டாலியைப் பார்த்துக்கொண்டே, ஊசிகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை மிஷன் பங்களாவில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். துரைசானி என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கி, இவ்வளவு நாள் கற்றும் இன்னும் முனை நிற்கவில்லையே என்றார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. எழுந்திருக்காமல், இன்னொரு தொங்கல் தொப்பி தொடங்கினேன்.