பின்சுவரின் நாலு அங்குலம்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் யோசித்த கட்டடங்களுக்குப் பிளான் வரைந்தவர். ஒரு கோடு பிசகியதில்லை. மனுஷனுக்கு ஆகாத ஒரே விஷயம், என் தங்கைக்கு ஆர்க்கிடெக்ட் மாப்பிள்ளை வாய்த்ததுதான்.

சகலையின் படம் பத்திரிகையில் வந்த அன்று இவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நான் கேலி செய்தேன். ஆனால் தங்கை அந்தப் பத்திரிகையில் நாலு பிரதி வாங்கி எனக்கும் ஒன்று நீட்டியபோது எனக்கும் வயிறு எரியத்தான் செய்தது. சின்ன வயசிலிருந்தே ஜன்னலோரம் அவளுக்குத்தான்.

அப்பாவின் ஊர் வீடு நூற்றைம்பது வருஷத்துக் கல் வீடு. அம்மாவால் படியேற முடியவில்லை. பின்பக்கம் கண்ணாடியும் இரும்புமாகப் புதுசாக ஓர் அறையும் குளியலறையும் சேர்க்க முடிவானது. அதை வடிவமைக்கும் வேலையை அப்பா சின்ன மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். இவரிடம், “மாப்பிள்ளை, நீங்க பழைய வீட்ட மட்டும் அளந்து குடுத்துடுங்க,” என்றார்.

“நாம வேர்க்க விறுவிறுக்க அளக்கணும், அவன் நோகாம நுங்கு திம்பான்,” என்று இவர் வழியெல்லாம் பொருமினார்.

அளந்தோம். நான் ஏணியில் ஏறிப் பின்சுவரின் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டை இறக்கினேன். இவர் கீழே குந்தி, நூலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேலை வைத்தார்.

“நாலு அங்குலம் வெளிய சாஞ்சிருக்கு,” என்று பழக்கதோஷத்தில் வாய்விட்டுச் சொன்னார். பிறகு பென்சில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் நூலைச் சுருட்டிக்கொண்டேன். சுவரை நேராகவே வரைந்தார். புது அறையின் கூரை பொருந்தாமல், சகலை எல்லார் முன்னாலும் திருதிருவென்று முழிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. எங்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பட்டறையிலிருந்து இரும்புக் கூரை வந்தது. தூக்கி இறக்கினால் உட்காரவில்லை, சுவர் இடித்தது. சகலை முழிக்கவில்லை. அளந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“மாமா, எல்லாரும் வெளிய வாங்க. அண்ணன் அளந்தப்ப நேரா இருந்த சுவர் மூணே மாசத்துல நாலு அங்குலம் சாஞ்சிருக்கு. இது நிக்காது. இன்னைக்கே இடிச்சிடணும்.”

“அவரு தப்பா வரைஞ்சிருப்பாரோ என்னவோ,” என்றார் மேஸ்திரி.

“அண்ணனா? அவர் கோட்டுல தப்பே வராதுங்க.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் இருபத்தெட்டு வருஷம் ஏங்கினார். அது வந்த நேரத்தைப் பாருங்கள். அம்மாவைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார்கள். அப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நகராமல் நின்றார். மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார்.

“சுவர் இப்ப சாயல மாமா,” என்றார் இவர். “அன்னைக்கே நாலு அங்குலம் இருந்துச்சு. பார்த்தேன். வேணும்னுதான் எழுதல.”

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்தார்.

“மேல நூல யாரு பிடிச்சாங்க?” என்று கேட்டார் சகலை.

“யாருமில்ல. தனியாத்தான் அளந்தேன்.”

பன்னிரண்டடிச் சுவரில் ஒரே ஆள் மேலேயும் கீழேயும் நிற்க முடியாது. சகலைக்கு அது தெரியும். அவர் பார்வை ஏணிக்குப் போய், என்னிடம் வந்து, விலகிக்கொண்டது.

தங்கை வந்து என் கையைப் பிடித்தாள். “நீ என்னக்கா பண்ணுவ, பாவம்,” என்றாள்.

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.